ராத்திரி நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய விசைப்படகு என்ஜின்

நாகைக்கரை கேட்டது:
வணக்கம். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை இறக்கியாச்சு. பழைய 6 சிலிண்டர் டீசல், இன்லைன் பம்ப் (டீசலை அழுத்தி அனுப்புவது), 24 வோல்ட் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்). டேங்க் என்ஜினுக்குக் கீழ்மட்டத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்றால் காலையில் ஐந்தாறு தடவை செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கிறது. ஒரு நிமிஷம் ஏறி இறங்கி ஓடும், பிறகு சீராகிவிடும். சூட்டோடு நிறுத்தினால் அடுத்து ஒரே அடியில் எடுக்கிறது. வாட்டர் செபரேட்டர் (டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது) எலிமெண்ட், டீசல் ஃபில்டர் எல்லாம் தடைக்காலத்தில் மாற்றியவை. பம்பையும் நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) கழற்றி அனுப்பச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்ப்பது?

கடல்விசை:
பம்பில் கை வைக்காதீர்கள். முதலில் புகையைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் நாசிலுக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது சுற்றும் வேகம், கம்ப்ரஷன், நாசில், டைமிங் என்று தேடணும்.

நீங்கள் சொல்கிற 'ஏறி இறங்கி ஓடுவது' காற்றின் அடையாளம். ராத்திரியில் லைனுக்குள் காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ஈரத்தைத் தேடினால் எதுவும் கண்ணில் படாது.

நாளைக் காலையில் செல்ஃப் தொடும் முன் ஃபீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது) உள்ள ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சிறு பம்ப்) அடியுங்கள். இருபது முப்பது அடிக்குப் பிறகு கை இறுகி, அதன்பின் என்ஜின் ஒரே சுற்றில் பிடித்தால் காற்றுதான், சந்தேகமே வேண்டாம்.

இடம் கண்டுபிடிக்க, ஃபீட் பம்புக்குள் போகும் லைனில் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரி ஹோஸ் போட்டு ஓட்டுங்கள். குமிழி வந்தால் ஓட்டை டேங்குக்கும் அந்த ஹோஸுக்கும் நடுவில். குமிழி இல்லை, ஆனால் காலையில் ஹோஸ் காலியாக இருந்தால் ஃபீட் பம்ப் வால்வு பிடிக்கவில்லை. காற்று மேலே ஏதோ ஒரு வழியில் வருகிறது. மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங் தளர்ந்து, ரிட்டன் பைப் நுனியும் டேங்கில் டீசல் மட்டத்துக்கு மேலே நின்றால் அந்த வழியாகவே காற்று ஏறும்.

எலிமெண்ட் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்பதால் என் சந்தேகம் செபரேட்டர் மேல்தான். பழைய ரப்பர் ரிங் செபரேட்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ரிங் உட்கார்ந்திருக்கலாம். பேன்ஜோ போல்ட்டின் (டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். கறுப்பைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

பேட்டரி_பெட்டி:
இதோட கரண்ட் பக்கத்தையும் பார்த்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க. ரெண்டு பேட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை செல்ஃப் உடம்பிலும் வைச்சு சுத்துங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிள் நுனியில இருக்கிற லக்குல உப்புப் பூத்திருக்கு. மரப்படகுல, ஃபைபர் படகுல உடம்பு எர்த் ஆகாது. அந்த ஒத்தைக் கேபிள்தான் எல்லாம். ஒரு பேட்டரி மட்டும் புதுசா மாத்துறதும் வேண்டாம், ஜோடியா மாத்துங்க.

நாகைக்கரை:
நன்றி அண்ணே. 20.5 வோல்ட் நிற்கிறது, எர்த் 0.2. பிரைமர் இருபத்தைந்து அடி வாங்கியது, பிறகு உடனே பிடித்தது. ஹோஸில் குமிழியும் வருகிறது. பிடிக்காத நாளில் ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி காட்டுகிறார்கள், அது சரியா? புகைக்குழாயில் கடல் தண்ணீர் சேர்ந்து வரும் அமைப்பு இது.

கீல்_லைன்:
பெட்ரோல் துணி கூடவே கூடாது. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து ரிங் உடையும். என்ஜின் அறையில் தீப்பிடிக்கவும் செய்யும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். என்ஜின் பிடிக்காமலே சுற்றும்போதும் கடல்தண்ணீர் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் தண்ணீர் மஃப்ளரில் நிரம்பி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த அடியில் கனெக்டிங் ராடு வளையும். இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை என்றால் சீ காக்கை (கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வு) மூடிவிட்டுச் சுற்றுங்கள். பிடித்த நொடியே திறந்துவிடணும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். ஒரு அடி 10 செகண்டுக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நிமிஷம் செல்ஃப் ஆறட்டும்.

நாகைக்கரை:
செபரேட்டரைக் கழற்றினேன். கடல்விசை அண்ணன் சொன்னபடியே பழைய ரிங் மேலேயே ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டு மாட்டியாச்சு, குமிழி நின்றுவிட்டது. இப்போது ஏர் எடுக்கும் வரிசை?

கடல்விசை:
முதலில் ஃபில்டர் தலை ஸ்குரூ, அடுத்து பம்பின் ஸ்குரூ. பிரைமரை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும், அடிப்பதை நிறுத்தாமல் மூடுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் மட்டும் நாசில் பக்க நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். அப்போது கையை அருகில் கொண்டுபோக வேண்டாம், அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்துவிடும். செபரேட்டர் அடியில் உள்ள தண்ணீரையும் இறக்கிவிடுங்கள். இரண்டு மாதம் அரை டேங்கோடு நின்றிருந்தால் கட்டாயம் தண்ணீர் இருக்கும்.