மூக்கோரத்து வறட்சி: கடற்காற்றின் மீது நான் சுமத்திய பழி

காசிமேடு:

கடலிலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளி வசிக்கிறேன். சென்ற ஆண்டு மூக்கின் இரு புறமும் வாயைச் சுற்றியும் தோல் வெள்ளையாக உரியத் தொடங்கியபோது, உப்புக் காற்றும் ஆழ்துளைக் கிணற்று நீரும்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதே காற்றும் நீரும் பட்ட நெற்றியும் கன்னமும் எப்படித் தப்பின என்று எண்ணிப் பார்க்கவில்லை.

தேங்காய் எண்ணெய் பயன் தராததால், அத்தை சொன்னபடி மருந்துக்கடையில் சீட்டின்றியே ஒரு களிம்பு வாங்கினேன். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் எரிச்சலோடு திரும்பும், மீண்டும் தடவுவேன். ஐந்து மாதங்களில் உரிதலோடு பொடிப்பொடியாகச் சிவந்த பருக்களும் சேர்ந்துவிட்டன.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை; களிம்புக் குழாயைத்தான் வாங்கிப் படித்தார். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆண்டிபயாடிக்கும் கலந்தது அது. பிறகு, உதட்டை ஒட்டிய மெல்லிய விளிம்பில் மட்டும் பருக்கள் இல்லாததைக் கண்ணாடியில் காட்டி, இது வெறும் வறட்சியன்று, பெரியோரல் டெர்மடைட்டிஸ் என்னும், வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சி, ஸ்டீராய்டுதான் இதை வளர்த்தது என்று விளக்கினார். இத்தகைய களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு அறிவித்திருந்தும், எனக்கு அது பிஸ்கட் பொட்டலம் போலத்தான் கிடைத்தது.

களிம்பை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களே கொடுமையானவை. முகம் முன்னைவிடச் சிவந்து வீங்கியது. அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திராவிட்டால் மறுபடியும் அந்தக் குழாயைத்தான் தேடியிருப்பேன். ஆறு வாரங்கள் டாக்சிசைக்ளின் என்னும் ஆண்டிபயாடிக் மாத்திரை, ஃபுளோரைடு இல்லாத பற்பசை, வெறும் நீரில் முகம் கழுவுதல். கிரீம், எண்ணெய், ஒப்பனை எதுவும் கூடாது. அந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றதன்று என்பதால் என்னைப் பார்த்து யாரும் வாங்கி விழுங்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை:

மேலே எழுதியிருக்கும் காசிமேட்டுச் சகோதரிக்கு நேர்ந்தது எனக்கு நேரவில்லை. என் மூக்கோரச் செதில் மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது, புருவத்திலும் உதிர்ந்தது. அது தலைப்பொடுகின் உடன்பிறப்பு என்று மருத்துவர் கூறினார். மலசீசியா என்னும் பூஞ்சை தோலின் கொழுப்பை உண்டே பெருகுமாம். நானோ வறட்சி என்றெண்ணி இரவுதோறும் எண்ணெய் வார்த்து அதற்கு விருந்து வைத்திருக்கிறேன். கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து கலந்த களிம்பிலும் ஷாம்பூவிலும் அடங்கியது. இரவுப் பணி தொடர்ந்தால் மீண்டும் தலைகாட்டுகிறது.

திருவொற்றியூர்:

என் ஏழு வயது மகனுக்கு வாயைச் சுற்றித் தோல் வளையமாக, உதட்டை ஒட்டியே, இடைவெளியின்றிக் கருத்திருந்தது. காரணம் எளியது: நாள் முழுவதும் உதட்டைச் சுற்றி நக்கிக்கொண்டே இருப்பான். எச்சில் காயக் காயத் தோல் வெடிக்கும். வெடித்த எரிச்சலில் மீண்டும் நக்குவான். மருத்துவர் கூறியபடி உணவுக்கு முன்பும் உறங்கும் முன்பும் வாசலின் தடவியதில் மூன்று வாரங்களில் ஆறியது. நக்கும் பழக்கம்தான் இன்னும் முழுதாக விடவில்லை. பள்ளிப் பையில் ஒரு சிறு டப்பா வைத்தனுப்புகிறேன்.