நம்பாதவர்களும் வந்து உட்காரக்கூடிய சபை

கேள்வி: ஆலய வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பு எனக்கு. புதியவர்கள் ஒரு ஞாயிறு வருகிறார்கள். அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம். சிரித்த முகத்தோடுதான் கைகொடுக்கிறோம். எங்கே பிசகு?

பதில்: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மனைவிக்குத் துணையாக ஆராதனைக்கு வருகிறவன். கைகொடுப்பதில் குறையில்லை. "முதல்முறை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்கிறீர்களே, அங்கேதான் பிசகு. எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஒருவர் மைக்கை நீட்ட, நான் என்னத்தைச் சொல்வது? திருவிருந்தின்போது அப்பமும் திராட்சைரசமும் வாங்க வரிசை நகரும். நான் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டுக்கொண்டு, குற்றவாளி போல உட்கார்ந்திருப்பேன். "பங்கெடுக்காதவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம்" என்று போதகர் ஒரு வரி சொன்னால் போதும். காணிக்கைப் பை வரும்போதும் அப்படியே.

பதில் (இன்னொருவர்): சரியாகச் சொன்னீர்கள். விசுவாசியல்லாதவர் சபைக்குள் வந்தால் என்ன நினைப்பார் என்று பைபிளில் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுலே கேட்கிறார். லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977இல் தொடங்கிய, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தும் ஆல்பா வகுப்பு முதலில் புதிய விசுவாசிகளுக்கானது. 1990களில்தான் வெளியாருக்கென்று மாறியது. சாப்பாடு, உரை, பிறகு சிறு குழுவில் பேச்சு. எந்தக் கேள்வியும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்: எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்தச் சொல்கிறேன். சந்தேகக் கேள்விகளுக்கு யாரைப் பதில் சொல்ல வைப்பது?

பதில்: மனைவியோடு வருகிறவன்தான் மீண்டும். "எனக்குத் தெரியாது" என்று கூசாமல் சொல்லக்கூடியவரை. கூடவே, திங்கட்கிழமை புதியவர்களை ஆளாளுக்குத் தொலைபேசியில் அழைப்பதையும் நிறுத்துங்கள்.