கேஸ் சென்சிடிவ்: ‘உணர்வு’ வேண்டாம், ‘பேதம் பார்க்கும்’ போதும்

வணக்கம் ஐயா,

‘கேஸ் சென்சிடிவ்’, அதாவது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகப் பார்ப்பது. இதற்கு நீங்கள் சொன்ன ‘வகையுணர்வு’ எனக்கு ஒட்டவில்லை. நிரலில் ‘டைப்’பையும் வகை என்றுதான் சொல்கிறோம், எந்த வகை என்று கேட்பார்கள். தரவுத்தள அட்டவணையின் பெயர் எதையும் உணர்வதுமில்லை. நம் பேச்சில் ‘பேதம் பார்ப்பது’ இருக்கிறதே. பெருஞ்சிறு பேதம் பார்க்கும், பார்க்காத: இவ்வளவு போதும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் உறுப்பினர் பட்டியல் என்று வையுங்கள். விண்டோஸ் கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள். பெரிய ‘ஏ’ போட்டு ‘அஹ்லி’ (மலாயில் உறுப்பினர்) என்று அட்டவணை உருவாக்கினாலும், லோவர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற அமைப்பு அங்கே 1 என்பதால் சின்ன எழுத்தில்தான் பதியும். நிரலில் பெரிய ‘ஏ’ அப்படியே கிடக்கும், ஓடவும் செய்யும். லினக்ஸ் சர்வரில் அது 0, பேதம் பார்க்கும். தரவை அங்கே ஏற்றிய அன்றே பிழை எண் 1146: அப்படி ஓர் அட்டவணை இல்லை. அட்டவணை வட்டில் கோப்பாக உட்காருவதால், கோப்பு முறைமையின் குணம் இதற்கும் வந்துவிடுகிறது. நெடுவரிசைப் பெயருக்கு எங்கும் பேதமில்லை. லினக்ஸில், வினவலில் அட்டவணைக்கு வைக்கும் மாற்றுப்பெயருக்கு உண்டு. ஆளைக் குழப்புவது இதுதான்.

லினக்ஸிலும் 1 வைக்கலாமே என்றால், மைஎஸ்கியூஎல் 8.0 முதல் தரவுக் கோப்பகத்தை உருவாக்கும்போது மட்டுமே முடியும். பிறகு மாற்றினால் சர்வர் கிளம்பாது. நிரலிலுள்ள பெயர்களைச் சின்ன எழுத்துக்கு மாற்றுவதே வழி.

ஐயாவின் பதில்:

> பெருஞ்சிறு பேதம் பார்க்கும், பார்க்காத

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல் போதாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் மேற்கோள் இல்லாமல் எழுதும் பெயர் சின்ன எழுத்தாகிவிடும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் பெரிய எழுத்தாகும். இரட்டை மேற்கோளுக்குள் பெரிய ‘ஏ’ போட்டு உருவாக்கிவிட்டால் போஸ்ட்கிரெஸில் அது அப்படியே நிற்கும். பிறகு ஒவ்வொரு வினவலிலும் மேற்கோள் போட்டே ஆக வேண்டும். அதாவது, ஒப்பிடும்போது பேதம் பார்க்கத்தான் செய்கிறது. அதற்கு முன்பே பெயரை மாற்றிவிடுகிறது. இதைச் ‘சிற்றெழுத்தாக்கல்’, ‘பேரெழுத்தாக்கல்’ என்று பிரித்துச் சொல்லாவிட்டால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார். மேக்கில் மைஎஸ்கியூஎல்லின் அந்த அமைப்புக்கு முன்னிருப்பு 2: எழுதியபடி வைக்கும், ஒப்பிடும்போது சின்னதாக்கும். அதற்கு ‘எழுதியபடி காத்தல்’ என்று வைப்போம்.

தமிழிலேயே பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். ‘கொடை’ என்று அட்டவணை வையுங்கள். அந்த ‘ொ’ ஒரே குறியாகவும் வரலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸுக்கு இரண்டு அட்டவணை. இதைப் பெருஞ்சிறு பேதத்தில் சேர்க்க முடியாது. வேறு சொல் பாருங்கள்.