ஹெரால்டு முன்சக்கர அலைன்மென்ட்: என் அனுபவம்

அம்பாசிடர், பத்மினி மாதிரி பழைய கார்களின் கதையெல்லாம் பலரும் சொல்லியாச்சு, என் பங்குக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கதை. நம்ம மெட்ராஸிலேயே செய்த வண்டி, அப்பா வாங்கியது. ஐம்பதைத் தாண்டினால் இடதுபக்கம் இழுக்கும். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது, டயரின் குறுக்கே தடவினால் போகும்போது வழவழப்பு, கையைத் திருப்பி இழுக்கும்போது ரம்பம் மாதிரி விரலில் மாட்டும். இரண்டு டயரும் இப்படித் தேய்ந்தால் முதல் சந்தேகம் டோ-இன் மேல்தான் போகணும், அதாவது சக்கரங்கள் முன்பக்கம் அளவுக்கு மீறி உள்ளே திரும்பி நிற்கின்றன.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷினில் பார்த்துச் சரி பண்ணும் கடைக்குப் போனேன். லிஸ்ட்டில் ஹெரால்டு இல்லை, அங்கிருந்த தம்பி ஏதோ ஒரு சின்ன கார் அளவைப் போட்டு, திரை பச்சையானதும் பில்லை நீட்டிவிட்டார். இழுப்பு அப்படியே இருந்தது. மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த அளவுக்கு அது சரியாகத்தான் காட்டும்.

அப்புறம் சென்னை புதுப்பேட்டையில் மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை, "மொதல்ல ஜாக்கி போடு தம்பி" என்றார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், கீழே டக்கென்று சத்தம். பக்கவாட்டில் ஆட்டினார், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராடு எண்டிலும் ப்ளே, அதாவது தேய்மான ஆட்டம். கீழே சத்தம் போட்டது ட்ரனியன். ஹெரால்டில் கீழ்ப்பக்கம் பால் ஜாயின்ட் என்கிற குண்டு மூட்டு கிடையாது, ட்ரனியன் என்கிற மரையுள்ள பித்தளைத் துண்டு ஒன்றுதான் இருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு அந்த மரையிலேயே சுழலும். அதற்கு இ.பி.90 என்கிற கெட்டியான கியர் ஆயில்தான் விடணும் என்று மேனுவலே சொல்கிறது, ஆனால் எந்த ஷெட்டுக்குப் போனாலும் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கிறார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்துபோனால் தண்ணீர் தங்கும், மரை அரிக்கும், கடைசியில் அந்த இரும்புத் தண்டே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த ப்ளேயை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது வெட்டி வேலை, இன்றைக்கு வைத்த அளவு நாளைக்கு முதல் பள்ளத்தில் மாறிவிடும்.

ட்ரனியனும் எண்டும் மாற்றிய பிறகுதான் அளவுக்கே வந்தார். காற்று சமமாக அடித்து, ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி சஸ்பென்ஷனை உட்கார வைத்தார், இல்லாவிட்டால் சக்கரம் இயல்பான நிலைக்கு வராது. அச்சு உயரத்தில் இரண்டு ரிம்மின் பின்பக்க விளிம்பிலும் சாக்பீஸால் குறி போட்டு, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தார். வண்டியை முன்னால் அரைச் சுற்று தள்ளி, அதே குறிகள் முன்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தார். ரிம் கோணலாக இருந்தாலும் இப்படி அளந்தால் ஏமாற்றாது. ஹெரால்டுக்கு முன்பக்க அளவு பின்பக்க அளவைவிடப் பூஜ்யத்திலிருந்து 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டர் கடைக்காரர் டிகிரியில் கேட்டால், 13 அங்குல ரிம்முக்கு இரண்டு சக்கரமும் சேர்த்து அதிகபட்சம் கால் டிகிரியை ஒட்டி வரும், அதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

டோவைச் சரி பண்ண லாக் நட்டைத் தளர்த்தி டை ராடைத் திருப்பும்போது, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் கிளிப்பையும் தளர்த்தணும், இல்லையென்றால் பூட் முறுக்கிக் கிழியும். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பணும், ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டோ சரியாக வந்தாலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

இப்போது காமராஜர் சாலையில் விடியற்காலை ஓட்டினால் நேராகப் போகிறது. ஓரமாகப் போகும்போது லேசாக இடதுபக்கம் சாய்வது ரோட்டின் சரிவால், அதற்கு வண்டியைத் திட்டக் கூடாது. கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், கொஞ்சம் பாக்கி இருக்கிறது, கீழ் விஷ்போன் என்கிற சஸ்பென்ஷன் கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் என்கிற மெல்லிய தகடு சேர்த்துச் சரி பண்ணணும். அந்த ஷிம் சென்னையில் எங்கே கிடைக்கும், இல்லை லேத்தில் வெட்டித்தான் போடணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.