பிறப்பு, இறப்புப் பதிவைக் குழந்தைகள் நலக்குழு கேட்டால் எப்படிக் கொடுப்பது?

கேள்வி (பதிவுப் பிரிவு ஊழியர்):
வணக்கம். நகராட்சி ஒன்றின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பணிபுரிகிறேன். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு தொடர்பாக, ஒரு சிறுமியின் பிறப்புப் பதிவையும், முன்பே இறந்துபோன அவளுடைய தம்பியின் இறப்புப் பதிவை இறப்புக்கான காரணத்துடனும் அனுப்புமாறு குழந்தைகள் நலக்குழுவின் கடிதம் வந்துள்ளது. அன்றே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், பதிவேட்டுப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேட்டார். பெற்றோரின் ஒப்புதலின்றி இவற்றைக் கொடுக்கலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற பதிவாளர்):
ஒப்புதல் தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதால், கேட்காமலிருப்பதே நல்லது. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி சான்றொப்பமிட்ட நகல் வழங்கலாம். ஆனால் அந்த நகலில் இறப்பின் காரணம் இடம்பெறக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம்.

பதில் 2 (வழக்கறிஞர்):
இறப்பின் காரணம் விசாரணைக்குத் தேவையென்றால் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 27ஆவது பிரிவு நலக்குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரத்தை அளித்திருப்பதால், வெறும் கடிதமாக அன்றி, ஆவணத்தைச் சமர்ப்பிக்கக் கோரும் உத்தரவாக அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். என் கருத்தில் அதுவே உங்களுக்கும் பாதுகாப்பு. சிறுமியின் அடையாளம் வெளியே கசிந்தால், 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிறந்த தேதியைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். 18 வயது நிரம்பியிருந்தால் போக்சோ பொருந்தாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 16 வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் பாலியல் ஊடுருவல் குற்றத்துக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறை. வயதை நிர்ணயிக்க, இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றையோ முதலிலும், அவை இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றையும், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வயதுப் பரிசோதனையையும் வைக்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் இதற்குப் போதாது என்று பி. யுவபிரகாஷ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், பல வழக்குகள் உங்கள் பதிவேட்டை நம்பியே நிற்கின்றன.

பதில் 3 (குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்):
பிறப்பு பதிவான தேதியும் நகலில் தெளிவாகத் தெரிய வேண்டும். புகாருக்குப் பின் தாமதமாகப் பதிவான பிறப்பை எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பிறப்புப் பதிவின் நகலை முத்திரையிட்ட உறையில் நலக்குழுத் தலைவரின் பெயருக்கு அனுப்பி, இறப்பின் காரணத்துக்கு உத்தரவு கோரி எழுதியிருக்கிறேன். தொலைபேசியில் பேசியவர் பிறகு அழைக்கவில்லை.