நீர்க்காகமா, பாம்புத்தாராவா?

பிடித்த வேலையை மனசு விட்டுப்போய் நிறுத்தியவர்கள் எப்படித் திரும்ப வந்தீர்கள் என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பறவைகள் வரைகிறவள். வாட்டர்கலர். வீடு சேலத்தில் கண்ணங்குறிச்சிப் பக்கம், மூக்கனேரிக்கு நடந்தே போய்விடலாம். ஒரு கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்கள் கொடுத்தேன். தேர்வு செய்தவர் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் இப்போ கேமராவிலேயே எடுத்துடறாங்களே, எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் மேல் இரக்கப்பட்டுக் கேட்டார். பெயின்ட் பெட்டி பரணுக்குப் போனது. 14 மாதம் இறங்கவில்லை.

மலைக்குப் போனால் மனசு மாறும் என்று வீட்டுக்காரர் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பகோடா பாயின்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்தது, விலகியது, மறுபடி மறைத்தது. ஒரு கோடு போடவில்லை. இறங்கி வரும்போது முன்பைவிடப் பாரமாக இருந்தது. இவ்வளவு அழகைப் பார்த்தும் கை எழவில்லையே என்ற பயம்.

அப்புறம் ஒரு நாள் காலை, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கையில் பாக்கெட் நோட்டோடு நின்றிருந்தார். பார்க்கிற பறவையின் பெயரையெல்லாம் எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இருக்கும் பேத்திக்குப் போனில் வாசித்துக் காட்டுவாராம். ஏரி நடுவே மரம் வளர்ந்த திட்டுகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒரு பட்ட கிளையில் இரண்டு கரிய பறவைகள் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன. "ஏம்மா, அது ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

வேற வேற என்றேன். ஒன்று நீர்க்காகம், அலகு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மற்றது பாம்புத்தாரா, அலகு ஈட்டி போல நேராக இருக்கும். நீந்தும்போது உடம்பு முங்கிக் கழுத்து மட்டும் வெளியே தெரிவதால் அந்தப் பெயர். இரண்டுக்கும் இறகு நனைந்துவிடும், அதனால்தான் இப்படி விரித்துக் காயவைக்கின்றன.

"வாயால சொன்னா எனக்கு நிக்காதும்மா. போட்டுக் காட்டேன்" என்று நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

இரண்டு தலை, இரண்டு கழுத்து. அவ்வளவுதான் போட்டேன். நோட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கிளையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இடது பக்கம் இருக்கறது பாம்புத்தாரா" என்றார். சரியாகச் சொன்னார். என் போனில் எடுத்திருந்தால் அந்தத் தூரத்துக்கு இரண்டுமே கறுப்புப் புள்ளியாகத்தான் விழுந்திருக்கும். கண்காட்சியில் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் கிடைத்தது.

மறுநாள் அவர் வேறொரு சந்தேகத்தோடு நின்றார். அந்த வாரமே பெட்டியை இறக்கினேன். டியூபில் பாதி கல்லாகியிருந்தது. பிளேடால் கிழித்து, தண்ணீர் விட்டுக் குழைத்ததில் நிறம் வந்தது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்துப் பட்டியல் போடச் சொல்வார்கள். அதையே எனக்கும் அளவாக வைத்துக்கொண்டேன். 15 நிமிடம், ஒரு பறவை. கால் மட்டும் வரைந்தாலும் சரி. இன்றைக்கும் சில நாள் ஒன்றும் வராது. ஆனாலும் போய் நிற்கிறேன்.

*

அக்கா, எனக்கும் ஏறக்குறைய இதேதான். தாரமங்கலம் பக்கம் தறி ஓட்டுகிறேன், கூத்திலும் வேஷம் கட்டுவேன். 2020இல் கொரோனாவால் கோயில் திருவிழாக்கள் நின்றபோது எங்கள் ஆட்டமும் நின்றது. பிறகு கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. விடிய விடிய ஆட உடம்பில் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. சலங்கையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு ராத்திரி வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "வேஷம் கட்ட வேண்டாம்டா. தாளம் போட ஆளில்லை, வந்து உட்காரு" என்றார். ஆடச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். தாளத்துக்கு எப்படி மறுப்பது? போனேன். முகவீணை என்கிற அந்தச் சின்னக் குழலை ஊத ஆரம்பித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கால் அடவு வைக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது நகுலன் கட்டுகிறேன். முன்பு கர்ணன் கட்டியவன்தான், அந்தத் தொண்டை இன்னும் திரும்பவில்லை.

*

தம்பி, அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்று சொல்லுங்கள். நோட்டோடு வருகிறேன். அரிதாரம் பூசும்போதே வந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வரைய விடுவார்களா, வாத்தியாரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.