லூஸ், அட்வைஸ், பிரின்சிபல்: சிவப்புக் கோடு காட்டாத பிழைகளை எப்படிப் பிடிப்பது?

கடிதக்கட்டு கேட்டது:

அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஆங்கிலக் கடிதங்களைச் சரிபார்ப்பவர்களுக்காகக் கேட்கிறேன். எழுத்து விட்டுப்போனால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும். ஒரு வார்த்தை விழ வேண்டிய இடத்தில் அதே சாயலில் இன்னொன்று விழுந்தால் கோடு வராது, ஏனென்றால் அதுவும் அகராதியில் இருக்கிற வார்த்தைதான். அட்வைஸில் சி-யா எஸ்-ஆ, லூஸில் ஒரு ஓ-வா இரண்டா, பிரின்சிபல் முடிவது ஏ-எல்லா எல்-ஈ-யா, ஸ்டேஷனரியில் ஏ-யா ஈ-யா, அஃபெக்டா எஃபெக்டா. இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அர்த்தம் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். டைப் அடிக்கும்போது கை மாறிவிடுகிறது. மனப்பாடப் பட்டியல் வேண்டாம், நிற்கிற இடத்திலேயே சோதித்துப் பார்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒலியன்:

நீங்கள் சொன்னதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. லூஸும் அட்வைஸும் ஆங்கிலத்தில் ஒலியே வேறு, நம் காதில்தான் ஒன்றாக விழுகிறது. மற்றவற்றில் பிரின்சிபலும் ஸ்டேஷனரியும் ஆங்கிலேயருக்கே ஒரே ஒலிதான். முதல் வகையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் இசட் ஒலிக்கு எழுத்து இல்லை. அதனால் தொலைப்பதைச் சொல்லும் லூஸ், தளர்ந்திருப்பதைச் சொல்லும் லூஸ் இரண்டையும் ‘ஸ்’ போட்டே முடிக்கிறோம். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள். விரலில் எதுவும் தெரியாது. நாக்கை அசைக்காமல் அப்படியே குரலை மட்டும் சேருங்கள். வண்டு ரீங்காரம் போல ஒன்று வரும், விரலில் அதிர்வு தெரியும். அதுதான் இசட். தொலைப்பது வண்டு, தளர்ந்தது பாம்பு. வண்டில் முடியும்போது முன்னால் இருக்கிற நெடில் இன்னும் கொஞ்சம் நீளும். வேகமான பேச்சில் அந்த நீளம்தான் முதலில் காதில் படும்.

இதற்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரே சாயலில் பெயரும் வினையும் ஜோடியாக இருந்தால், பெரும்பாலும் வினையில்தான் அதிர்வு. அறிவுரை என்ற பெயர் பாம்பு, அதனால் சி. அறிவுரை சொல் என்ற வினை வண்டு, அதனால் எஸ். கருவியைக் குறிக்கும் டிவைஸ் சி, திட்டம் வகுப்பதைக் குறிக்கும் டிவைஸ் எஸ். யூஸ், எக்ஸ்க்யூஸ், ஹவுஸ் மூன்றிலும் எழுத்து மாறாவிட்டாலும் வினையாக வரும்போது கடைசி ஒலி வண்டாகிவிடும். இது எஸ்-இசட் ஜோடியோடு நிற்பதும் இல்லை. நம்பிக்கை என்ற பிலீஃப் எஃப்-பில் முடியும், நம்பு என்ற பிலீவ் வி ஒலியில் முடியும். புரூஃப், புரூவ் அப்படியே. மூச்சு என்ற பிரெத் கடைசியில் ஈ இல்லாதது. மூச்சு விடு என்ற பிரீத் ஈ-யோடு முடிவது, அதிர்வும் உண்டு. ‘டேக் எ டீப் பிரீத்’ என்று ஈ சேர்த்து எழுதுவது இந்த ஒழுங்கு தெரியாததால் வருகிற பிழை.

லூஸில் ஆங்கிலேயரும் வழுக்கி விழுவார்கள். தேர்ந்தெடு என்ற ‘சூஸ்’ இரண்டு ஓ-வும் வண்டு ஒலியும் சேர்ந்தது. அதைப் பார்த்துத் தொலைப்பதற்கும் இரண்டு ஓ போட்டுவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. ‘தொளதொள’ என்று இரட்டிக்கிற இடத்தில் இரண்டு ஓ. ‘தொலை’ என்று ஒரே தடவை சொல்கிற இடத்தில் ஒரு ஓ.

எனவே சி-யா எஸ்-ஆ என்று நிற்கிற இடத்தில் சோதனை இதுதான்: அந்த வார்த்தையைத் தமிழாக்குங்கள். வினை வந்தால் எஸ், பெயர் வந்தால் சி. ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்றால் ‘தயவுசெய்து சொல்லுங்கள்’. வினை, எனவே எஸ். ஆபீஸ் மெயில்களில் சி போட்டு வருவதெல்லாம் தவறு. பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டும் இதே மாதிரிதான்.

அச்சுக்கோல்:

ஒலியன் சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். எழுத்து விதி சரி, ஒலி விதி அங்கே பொருந்தாது. பிராக்டிஸும் லைசென்ஸும் பெயரானாலும் வினையானாலும் பாம்பு ஒலிதான். காதை நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இலக்கணத்தை மட்டும் பாருங்கள். நாம் பின்பற்றுவது பிரிட்டிஷ் முறை: பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்காவில் பிராக்டிஸ் எப்போதும் சி, லைசென்ஸ் எப்போதும் எஸ். டிரைவிங் லைசென்ஸ் பெயர் என்பதால் நமக்கு சி. லைசென்ஸ்டு சர்வேயர் என்பது வினையிலிருந்து வந்தது என்பதால் எஸ். ஆடிட்டர் ‘இன் பிராக்டிஸ்’ என்றால் சி, ‘பிராக்டிசிங்’ கம்பெனி செக்ரட்டரி என்றால் எஸ். பைலில் ஆங்கிலத்தின் மொழி அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் நீங்கள் சரியாகப் போட்ட எழுத்தையே கம்ப்யூட்டர் தப்பு என்று காட்டலாம். முதலில் அதை இந்தியா அல்லது பிரிட்டன் ஆக்குங்கள்.

இனி ஒரே ஒலி வகை.

ஸ்டேஷனரி: நிற்கிற காருக்கு ஏ, எழுதுகிற பேப்பருக்கு ஈ. கார் என்ற வார்த்தை ஏ-ஆரில் முடிகிறது, பேப்பர் ஈ-ஆரில் முடிகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஊர் ஊராகச் சுற்றி விற்பவர்கள் நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டவரை ஸ்டேஷனர் என்றார்கள். புத்தகமும் தாளும் விற்றவர்களுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனம் கிடைத்தது. அந்த ஸ்டேஷனர் விற்கிற சரக்கு என்பதால்தான் அங்கே ஈ-ஆர். கூடவே இன்னொன்று: இதற்குப் பன்மை கிடையாது. ‘ஸ்டேஷனரீஸ்’ என்று இன்டென்ட் போடாதீர்கள், ‘ஸ்டேஷனரி ஐட்டம்ஸ்’ என்று போடுங்கள்.

பிரின்சிபல்: எல்-ஈ-யில் முடிவது கொள்கை, நெறி. அது பெயர்ச்சொல் மட்டுமே. ‘ரூல்’ என்ற வார்த்தையும் எல்-ஈ-யில்தான் முடிகிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஏ-எல்: கல்லூரி முதல்வர், கடனின் அசல், முதன்மையான காரணம். வீட்டுக் கடன் கடிதத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும், அங்கேதான் கை மாறும். வங்கி தரும் ‘இன் பிரின்சிபல்’ அப்ரூவல் கொள்கை அளவிலான ஒப்புதல், அது எல்-ஈ. அடுத்த பத்தியில் வரும் பிரின்சிபல் அமவுண்ட் அசல் தொகை, அது ஏ-எல்.

காம்ப்ளிமென்ட் (எல்-லுக்குப் பின் ஈ-யா ஐ-யா): இட்லிக்குச் சாம்பார் சேர்ந்தால் கம்ப்ளீட் ஆகிறதே, அந்த நிறைவு ஈ. பாராட்டு ஐ. இலவசமாகத் தரும் காலை உணவு, புத்தகப் பிரதி, டிக்கெட் எல்லாமே ஐ. ஓட்டல் அட்டையில் ஈ போட்டால் அது இலவசம் என்ற அர்த்தத்தையே தராது.

பச்சைமை:

அஃபெக்ட், எஃபெக்ட் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், அர்த்தம் தலைகீழாகிவிடும்.

பாதிப்பு, விளைவு என்று தமிழில் பெயராக வந்தால் ஈ. பாதிக்கிறது என்று வினையாக வந்தால் ஏ. நூற்றில் பெரும்பங்கு இதிலேயே முடிந்துவிடும். மிச்சம் இருப்பது அலுவலகக் கடிதத்தில் மட்டும் அடிக்கடி வருவது: ஈ-யும் வினையாகும். அப்போது அர்த்தம் ‘நிறைவேற்று, நடத்தி முடி’. ‘ப்ளீஸ் எஃபெக்ட் தி டிரான்ஸ்ஃபர்’ என்றால் பணத்தை மாற்றுங்கள். அதே இடத்தில் ஏ போட்டால் ‘அந்த மாற்றத்துக்குப் பாதிப்பு உண்டாக்குங்கள்’ என்று ஆகிவிடும். வினை என்றாலே ஏ என்று மனப்பாடம் செய்தவர்கள் சரியாக இங்கே விழுகிறார்கள். ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’, ‘கம்ஸ் இன்டு எஃபெக்ட்’ இரண்டும் அமலுக்கு வருவதைச் சொல்வதால் எப்போதும் ஈ. உளவியலில் உணர்ச்சி நிலையைக் குறிக்க ஏ பெயராக வரும். கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

பிடிக்கிற முறை: கடிதம் முடிந்ததும் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, முழு வார்த்தையைத் தேடாமல் இரண்டுக்கும் பொதுவான துண்டைத் தேடுங்கள். பிரின்சிபலுக்கு முதல் 7 எழுத்து, அட்வைஸுக்கு முதல் 4, அஃபெக்டுக்கு முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதி 5. ஜோடியில் எது இருந்தாலும் திரையில் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரேயடியாக மாற்று என்ற பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். சரியாக இருந்ததும் சேர்ந்து மாறிவிடும்.

கடிதக்கட்டு:

நன்றி. ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்த்தேன்: ‘வி ஹேவ் எஃபெக்டட் தி பேமென்ட், பட் தி பிரின்சிபல் இஸ் நாட் அஃபெக்டட். அட்வைஸ் என்க்ளோஸ்ட்.’ முதலாவது ஈ, பணம் செலுத்தி முடித்தாயிற்று. பிரின்சிபல் ஏ-எல், அசல். அடுத்தது ஏ, பாதிக்கப்படவில்லை. கடைசி அட்வைஸில்தான் சந்தேகம். அது அறிவுரையே இல்லையே?

பச்சைமை:

நான்கில் மூன்று சரி. கடைசியும் பெயர்தான், எனவே சி. பணம் போனதையோ வந்ததையோ தெரிவிக்கிற சீட்டுக்கு வங்கியிலும் கணக்குப் பிரிவிலும் அட்வைஸ் என்றே பெயர். பேமென்ட் அட்வைஸ், கிரெடிட் அட்வைஸ் எல்லாம் அந்த வகை. சீட்டு என்பதால் அதை எண்ணலாம், ‘த்ரீ அட்வைசஸ்’ என்று பன்மை போட்டாலும் சரி. அறிவுரை என்ற அர்த்தத்தில் மட்டும் பன்மை போடாதீர்கள், அங்கே ‘பீசஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றுதான் எழுத வேண்டும்.